நாற்பது ரூபாய் அட்டையில் உங்கள் கூலி எங்கே?

கேள்வி: கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டினத்தில் இருக்கிறேன். திருமணத்துக்கு முன் பள்ளியில் கைவினை ஆசிரியையாக வேலை பார்த்தேன். இப்போது வீட்டிலிருந்தபடி காகிதச் சுருள் வேலைப்பாடு வைத்து வாழ்த்து அட்டைகள் செய்கிறேன். ஓர் ஏ4 கெட்டித்தாளில் இரண்டு அட்டைகள் வரும். அட்டைக்குப் பொருள் செலவு 13 ரூபாய், செய்ய ஐம்பது நிமிடம் ஆகிறது. கிருஷ்ணகிரியில் இரண்டு நாள் நடந்த ஒரு கைவினைக் கண்காட்சியில் கடை போட்டேன். வாடகை 1,500 ரூபாய். பஸ், ஆட்டோ, சாப்பாட்டுக்கு 500 ரூபாய். அட்டை 40 ரூபாய் என்று 70 அட்டைகள் விற்று 2,800 ரூபாயோடு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். ஆனால் அடுத்த முறை காகிதம் வாங்கப் பணம் இல்லை. விலையைக் கூட்டினால், “அச்சடித்த அட்டை இருபது ரூபாய்க்குக் கிடைக்கிறதே” என்கிறார்கள். “வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்வதற்குக் கூலி வேறு சேர்ப்பாயா?” என்று நாத்தனார் கேட்கிறார். என்ன விலை வைக்கலாம்? எந்தக் கண்காட்சிக்குப் போகலாம்? பேருந்து நிலையத்துக்கு அருகே ஒரு கடைக்காரர், விற்ற பிறகு பணம் தருவதாகச் சொல்லி ஐம்பது அட்டைகள் கேட்கிறார். கொடுக்கலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

எனக்கு வரும் கடிதங்களில் பொருள் செலவு இருக்கும், வாடகை இருக்கும். ஓர் அட்டைக்கு எத்தனை நிமிடம் என்ற கணக்கு இருக்காது. நீங்கள் அதையும் எழுதியிருக்கிறீர்கள். அதனால் உங்கள் எண்களை வைத்தே பேசலாம்.

வந்தது 2,800 ரூபாய். எழுபது அட்டைகளுக்குப் பொருள் செலவு 910. வாடகை, பயணம், சாப்பாடு 2,000. ஆக மொத்தச் செலவு 2,910. அந்தக் கண்காட்சியில் நீங்கள் 110 ரூபாய் இழந்திருக்கிறீர்கள். காகிதம் வாங்கப் பணம் இல்லாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். இதில் உங்கள் உழைப்பு இன்னும் சேரவில்லை. எழுபது அட்டைகளுக்கு 58 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். எட்டு மணி நேர வேலை நாளாகப் பார்த்தால் ஏழு நாளுக்கு மேல். கடையில் நின்ற இரண்டு நாள் தனி. இவ்வளவையும் இலவசமாகக் கொடுத்து, கையிலிருந்தும் 110 ரூபாய் போட்டிருக்கிறீர்கள்.

உங்கள் நாத்தனாரின் கேள்விக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விலை வைப்பதன் அடிப்படையே அதில்தான் இருக்கிறது. நம் மாவட்டத்தில் ராகி அறுக்கப் போனாலும் மாங்காய் பறிக்கப் போனாலும் கூலி வாங்காமல் யாரும் வீடு திரும்புவதில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 336 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு 42 ரூபாய். பயிற்சி எதுவும் தேவைப்படாத வேலைக்கு அரசே வைத்த அளவு அது. நீங்கள் கைவினை கற்று, பிள்ளைகளுக்குக் கற்பித்தும் இருக்கிறீர்கள். உங்கள் ஒரு மணி நேரத்துக்கு 60 ரூபாய் வைப்பது பேராசை ஆகாது. நான் இதைத் தொடக்கமாகத்தான் சொல்கிறேன். கை வேகமும் பெயரும் கூடும்போது இதையும் கூட்ட வேண்டும்.

கூலி சேர்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாளை ஒரு பள்ளி முந்நூறு அட்டைகள் கேட்கிறது என்று வையுங்கள். தனியாக முடிக்க முடியாது, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரைக் கூப்பிடுவீர்கள். அவர்கள் கூலி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். உங்கள் விலைக்குள் கூலி என்ற பகுதியே இல்லை என்றால் அந்த ஆர்டரைத் திருப்பி அனுப்பத்தான் முடியும். நன்றாகச் செய்யத் தெரிந்த எத்தனையோ பெண்களின் தொழில் வீட்டுத் திண்ணையைத் தாண்டாமல் நின்றுபோனதை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் இதுதான். அதனால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

இனி விலைக்கு வருவோம். பொருள் செலவு 13. ஐம்பது நிமிடத்துக்குக் கூலி 50. கூட்டினால் 63. பத்து அட்டையில் ஒன்று மடங்கும், அழுக்காகும், சுருள் பிய்ந்துவிடும். அந்த இழப்புக்கு 7 சேர்த்தால் 70. இதை அடக்கவிலை என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். இதற்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் விற்கக் கூடாது. இதன் மேல் கண்காட்சிச் செலவு ஏற வேண்டும். கடை வாடகையும் போக்குவரத்தும் சேர்ந்து, விற்பனையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது என்பது நான் எல்லாரிடமும் சொல்லும் அளவு. அப்படியானால் அடக்கவிலை, விற்பனை விலையில் முக்கால் பங்காக இருக்க வேண்டும். எழுபதை முக்காலால் வகுத்தால் 93 சொச்சம் வரும். அட்டையில் 100 ரூபாய் என்று எழுதுங்கள்.

நாற்பதுக்கே பேரம் பேசியவர்கள் நூறுக்கு வாங்குவார்களா என்ற உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. எல்லாரும் வாங்க மாட்டார்கள். இருபது ரூபாய் அச்சு அட்டையோடு ஒப்பிடுபவர் உங்கள் வாடிக்கையாளரே இல்லை, அவருக்குத் தேவை ஏதோ ஓர் அட்டை. ஆனால் நூறு ரூபாய் அட்டை மட்டுமே வைத்துக்கொண்டு கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ கடை போட்டால் மேசை வாடகை தேறாது என்பதும் உண்மை. இந்த இடத்தில்தான் பலரும் கூலியைக் குறைத்துக்கொண்டு விலையை இறக்கிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். கூலி அப்படியே இருக்கட்டும், செய்யும் பொருளை மாற்றுங்கள்.

எப்படி மாற்றுவது? நம் ஊரில் வாழ்த்து அட்டைக்கு இன்று என்ன வேலை இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் மார்கழி பிறந்தாலே கடைத்தெருவில் பொங்கல் வாழ்த்து அட்டைகள் தொங்கும். ஊர் ஊராகத் தபாலில் போகும். கைபேசி வந்த பிறகு அந்தப் பழக்கம் ஏறத்தாழ அற்றுப்போனது. ஆனால் மொய் நிற்கவில்லை. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, புதுமனை புகுவிழா என்று எந்த விசேஷத்துக்குப் போனாலும் கையில் ஓர் உறை இருக்கிறது. நூற்று ஒன்றோ ஐந்நூற்று ஒன்றோ, அந்த ஒரு ரூபாய் நாணயத்தோடு. ஒரு வாழ்த்து கைமாறும் இடம் நம் ஊரில் இன்று அதுதான். உங்கள் கைவேலை போய்ச் சேர வேண்டிய இடமும் அந்த மொய்க் கவர்தான்.

கடைகளில் அச்சடித்த மொய்க் கவர் சில ரூபாய்க்கே கிடைக்கும். அதோடு நீங்கள் போட்டியிட வேண்டியதில்லை. தூரத்து உறவுக்கு அது போதும். தாய்மாமன் கொடுக்கும் கவரையும் அத்தை கொடுக்கும் கவரையும் நெருங்கிய தோழி கொடுக்கும் கவரையும் நினைத்துச் செய்யுங்கள். பத்தாயிரம் வைத்துக் கொடுப்பவர் கவருக்கு ஐம்பது ரூபாய் கொடுக்கத் தயங்க மாட்டார். மணமக்கள் பெயரை அழகான எழுத்தில் நீங்களே எழுதிக் கொடுத்தால் அவர் பக்கத்துக் கடையைப் பார்க்கவும் மாட்டார். அச்சகம் ஆயிரம் கவர் அடித்துத் தள்ளும். செல்விக்கும் முருகனுக்கும் என்று ஒரே ஒரு கவர் அடித்துத் தராது.

அளவு விஷயத்தில் கவனம் வேண்டும். உங்கள் அட்டை ஏ4 தாளின் பாதியை மடித்தது, அதாவது 14.8 செ.மீ.க்கு 10.5 செ.மீ. இப்போதைய ஐந்நூறு ரூபாய் நோட்டின் நீளம் 15 செ.மீ., அகலம் 6.6 செ.மீ. உங்கள் அட்டைக்குள் நோட்டை மடிக்காமல் வைக்க முடியாது. மொய்க் கவரின் உள்ளளவு 16 செ.மீ.க்கும் 7.5 செ.மீ.க்கும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுருள் வேலையை இதில் தவிருங்கள். மொய் எழுதும் இடத்தில் கவர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள், எழும்பி நிற்கும் சுருள்கள் நசுங்கிவிடும். தாளை வெட்டி ஒட்டிய தட்டையான வேலைப்பாடு போதும்: வாழை மரம், குத்துவிளக்கு, மாவிலைத் தோரணம், கோலம். பின்பக்கத்தில் “பெயர், ஊர்” என்று இரண்டு கோடுகள் போட்டுவிடுங்கள். மொய் நோட்டு எழுதுபவருக்கு வேண்டியது அதுதான். கொடுப்பவருக்கும், இந்தக் கவரைச் செய்தவர் விசேஷ வீடு தெரிந்தவர் என்று புரியும்.

இதன் கணக்கு: நாணயத்தையும் சேர்த்துப் பொருள் செலவு 12, பதினைந்து நிமிடத்துக்குக் கூலி 15, இழப்புக்கு 3, அடக்கவிலை 30. முக்காலால் வகுத்தால் விலை 40. பெயர் எழுதித் தந்தால் 50. மணிக்கு 60 ரூபாய் கூலி இதிலும் குறையவில்லை என்பதைப் பாருங்கள். (பதினைந்து நிமிடம் என்பது என் உத்தேசம். பத்துக் கவர் செய்து கடிகாரம் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.)

தருமபுரி மாவட்டத்தின் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் லம்பாடிப் பெண்கள் செய்ததும் இப்படிப் பொருளை மாற்றியதுதான். தங்கள் பாரம்பரிய உடையில் இருந்த தையல் வேலைப்பாடு, மூத்த பெண்கள் சிலரின் நினைவில் மட்டுமே மிஞ்சியிருந்த நிலையில் அதை மீட்டெடுத்து, இன்றைக்குப் புழங்கும் பைகளிலும் தலையணை உறைகளிலும் ஆடைகளிலும் தைத்து விற்கிறார்கள். வேலைப்பாடு பழையது, அது ஏறியிருக்கும் பொருள் இன்றையது. சிட்டிலிங்கி உங்களுக்குத் தூரம்தான். ஆனாலும் ஒரு முறை போய்ப் பார்த்து வாருங்கள் என்பேன்.

மேசையில் மூன்றாவதாகச் சிறிய அட்டை ஒன்று வேண்டும். பத்து நிமிடத்தில் முடிய வேண்டும். உலர்த்திய இலையோ பூவோ ஒன்று, ஒரு கோட்டோவியம், அவ்வளவு போதும். சிவப்பு ரோஜா இதழ் உலர்ந்தால் கறுத்துவிடும். காகிதப்பூவின் (போகன்வில்லா) நிறம் நன்றாக நிற்கும், பெரணி இலையும் அப்படியே. பொருள் 8, கூலி 10, இழப்பு 2; அடக்கவிலை 20. விலை 27 என்று வரும், 35 என்று வையுங்கள். ஏன் கூட்டினேன் என்பதைப் பேரத்தைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன். இந்த அட்டை தபாலிலும் போகும்: 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தாளில் பாதி ஏ4 ஒன்பதரை கிராம்கூட வராது, உறை ஐந்து கிராமுக்குள் இருக்கும். 20 கிராம் வரை ஐந்து ரூபாய் தபால்தலை போதும் என்பதை வாங்குபவரிடம் சொல்லுங்கள்.

உள்ளே வாசகம் எழுதாமல் வெறுமையாக விடுங்கள். கிருஷ்ணகிரியிலும் ஓசூரிலும் உங்கள் மேசைக்கு வருபவர் வீட்டில் தமிழ் பேசலாம், தெலுங்கு, கன்னடம், உருது பேசலாம். முகப்பில் படம் மட்டும் இருந்தால் அதே அட்டை யுகாதிக்கும் போகும், ரம்ஜானுக்கும் போகும், பிறந்தநாளுக்கும் போகும். படம் மட்டும் நம் மண்ணுடையதாக இருக்கட்டும். ஒகேனக்கல் பரிசல் இருக்கிறது. நம் பகுதியில் வயலோரத்தில்கூட நடுகற்கள் நிற்கின்றன. அதியமான் ஒளவைக்குக் கொடுத்த நெல்லிக்கனி இருக்கிறது. நீண்ட ஆயுள் தரும் கனி என்று தெரிந்தும் தான் உண்ணாமல் கொடுத்தான் என்பது கதை. அவன் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. அறுபதாம் கல்யாணத்துக்கும் பெரியவர்களின் பிறந்தநாளுக்கும் நெல்லிக் கொத்து வரைந்த அட்டையைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சினிமா பாட்டு வரிகளும் கார்ட்டூன் உருவங்களும் வேண்டாம். அவற்றுக்கு உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.

நூறு ரூபாய்ச் சுருள் அட்டையைக் கைவிடச் சொல்லவில்லை. மேசையின் நடுவில் நிற்க வேண்டியது அதுதான். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் நிற்பார்கள். இருபது அட்டைகள் போதும். ஒவ்வொன்றாக முதலிலிருந்து முடிவு வரை செய்யாமல் ஒரு நாள் எல்லாத் தாளையும் வெட்டி மடிப்புக்கோடு போடுங்கள், மறுநாள் எல்லாச் சுருளையும் சுற்றுங்கள், அதற்கடுத்த நாள் ஒட்டுங்கள். ஐம்பது நிமிடம் கட்டாயம் குறையும். குறைந்த நேரம் உங்கள் லாபமாக இருக்கட்டும், விலையைக் குறைக்க வேண்டாம்.

கடை போடும் விதம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அட்டையை மேசையில் படுக்க வைத்தால் நடந்து போகிறவர் கண்ணில் படாது. கயிறு கட்டி மரக் கிளிப்பில் மாட்டுங்கள், கண் மட்டத்தில் நிற்கட்டும். ஆனி, ஆடியில் நம் பக்கத்துக் காற்று உங்களுக்குத் தெரியும். கிளிப் இல்லாத அட்டை பக்கத்துக் கடையில் போய் விழும். தூசிக்கு மெல்லிய கண்ணாடித்தாள் உறை போடுங்கள். மாலை ஆறு மணிக்குப் பிறகுதான் குடும்பங்கள் வரும், சொந்தமாக ஒரு விளக்கு கொண்டுபோங்கள். ஒவ்வோர் அட்டையிலும் விலை எழுதியிருக்க வேண்டும். விலை கேட்கக் கூச்சப்பட்டே நகர்ந்துவிடுகிறவர்கள் நம் ஊரில் மிகுதி. கியூஆர் அட்டையோடு சில்லறையும் வைத்திருங்கள்.

பேரம் பேசுபவர்மேல் கோபம் வேண்டாம், சந்தையில் வளர்ந்தவர்கள் நாம். ஆனால் தனி அட்டையின் விலையைக் குறைக்காதீர்கள். ஒருவருக்குக் குறைத்தால் பக்கத்தில் நிற்பவர் முழு விலை கொடுக்க மாட்டார், நேற்று முழு விலைக்கு வாங்கியவர் ஏமாந்ததாக நினைப்பார். “ஒன்று 35, மூன்று 100” என்று பலகையில் எழுதிவையுங்கள். குறைக்கச் சொல்பவரிடம் அந்தப் பலகையைக் காட்டினால் போதும். மூன்று அட்டைக்கு அடக்கவிலை 60, மீதி 40 கண்காட்சிச் செலவுக்குப் போகும். 27 என்று வந்ததை 35 ஆக்கியது இதற்காகத்தான். “அச்சடித்தது இருபது ரூபாய்தானே” என்பவரிடம் விவாதிக்க வேண்டாம். அட்டையை அவர் கையில் கொடுத்து, “யாருக்கு அக்கா, பெயர் எழுதித் தரட்டுமா?” என்று கேளுங்கள். பெயர் எழுதிய பிறகு அவர் அச்சு அட்டையைப் பற்றிப் பேசுவது அரிது.

எந்தக் கண்காட்சி என்பதற்கும் அந்த நான்கில் ஒரு பங்குக் கணக்கே வழிகாட்டும். 2,000 ரூபாய் செலவாகும் இடத்தில் 8,000 ரூபாய் விற்க வேண்டும். நீங்கள் விற்றது 2,800. புதிய விலையில், புதிய பொருள்களோடு போனாலும் முதல் முறையே எட்டாயிரத்தை எட்டுவது கடினம் என்பதை மறைக்க மாட்டேன். அதனால் முழுக்கடை எடுக்காதீர்கள். மெழுகுவர்த்தியோ சணல் பையோ செய்யும் இன்னொரு பெண்ணோடு பாதிக் கடை எடுத்தால் வாடகை 750, மற்ற செலவு 500. இலக்கு 5,000 ஆகிவிடும். அங்கே கிடைக்கும் ஆர்டர்களையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

கிருஷ்ணகிரியில் ஆண்டுதோறும் நடக்கும் அகில இந்திய மாங்கனிக் கண்காட்சியைப் பலரும் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அது வாரக்கணக்கில் நடக்கிறது, தனி ஆளாக அத்தனை நாள் நிற்க முடியாது. வருபவர்கள் ராட்டினத்துக்கும் மிளகாய் பஜ்ஜிக்கும் வருகிறார்கள். அங்கே விற்பதானால் அந்த இடத்துக்கென்றே ஒன்று செய்யுங்கள்: பெங்களூரா, அல்போன்சா, செந்தூரா, மல்கோவா, நீலம் என்று ஐந்து மாம்பழங்கள் வரைந்த ஐந்து சிறிய அட்டைகள் கொண்ட ஒரு கட்டு. வெளியூரிலிருந்து வந்தவர் நம் ஊர் நினைவாக எடுத்துப் போக ஏதாவது தேடுவார். மகளிர் சுய உதவிக் குழு ஒன்றில் சேர்ந்து, ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மகளிர் திட்டப் பிரிவில் கேளுங்கள். குழுப் பொருள்களுக்கான அரங்குகள், கல்லூரி வளாகங்களில் நடக்கும் கல்லூரிச் சந்தைகள் ஆகியவை பற்றி அங்கே தெரியும். கல்லூரியில் மொய்க் கவர் போகாது. அங்கே 35 ரூபாய் அட்டைதான் விற்கும்.

ஒகேனக்கல் ஆடிப்பெருக்குக் கூட்டத்தை நம்பிக் காகிதம் கொண்டுபோக வேண்டாம். குளித்துவிட்டு ஈரக் கையோடு வருகிறவர்கள் அவர்கள். ஆடியில் முகூர்த்தமும் இல்லை; அந்த மாதத்தில் வீட்டிலிருந்து ஆவணிக் கல்யாணங்களுக்கான கவர்களைச் செய்து அடுக்குங்கள். எலத்தகிரி, கோவிலூர் போன்ற ஊர்களில் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையின் பழக்கம் இன்னும் முழுவதும் போகவில்லை. நவம்பரிலேயே தேவாலயப் பங்கில் பேசி, ஞாயிறு பூசை முடியும் நேரத்தில் ஒரு மேசை போட அனுமதி கேளுங்கள். ஓசூரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தீபாவளிக்கு முன் குடியிருப்போரே சிறு விற்பனைச் சந்தை நடத்துவதுண்டு. நூறு ரூபாய் அட்டைக்கு நம் பகுதியில் நல்ல இடம் அதுதான் என்று நினைக்கிறேன். பெங்களூருவில் ஜனவரியில் கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்தும் சித்ர சந்தை ஓவியர்களுக்கானது. அங்கே விற்கப் போக வேண்டாம், பார்க்கப் போங்கள். கையால் செய்ததற்குத் தயங்காமல் விலை சொல்கிறவர்களை அருகில் நின்று பார்ப்பது நல்ல பாடம்.

அரசுப் பதிவுகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்வரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. கர்நாடகத்தில் போய் விற்க நினைத்தால் மட்டும் முன்கூட்டியே ஒரு கணக்காளரிடம் கேட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: ஆர்டர். ஒவ்வோர் அட்டையின் பின்பக்கமும் உங்கள் தொழில் பெயரும் கைபேசி எண்ணும் இருக்க வேண்டும். இரண்டு நாள் கடையில் ஒரு வளைகாப்பு வீடு ஐம்பது கவர் சொன்னால் 5,000 ரூபாய் இலக்கில் மூன்றில் ஒரு பங்கு அதிலேயே வந்துவிடும். செப்டம்பர் 5 ஆசிரியர் தினத்துக்கு ஜூலையிலேயே பள்ளிகளில் பேசுங்கள். நீங்கள் ஆசிரியையாக இருந்தவர், உள்ளே போய்ப் பேச உங்களுக்குத் தயக்கம் இருக்காது. மொத்த ஆர்டருக்குக் கண்காட்சிச் செலவு இல்லை. அதனால் 40 ரூபாய்க் கவரை 34 அல்லது 35க்குக் கொடுக்கலாம், அடக்கவிலையான 30க்கு மேல் நிற்கிறது. பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் தாளை வெட்டாதீர்கள். உறவினர் என்றாலும் இதில் விதிவிலக்கு வேண்டாம். பெயர் எழுதிய கவரை வேறு யாருக்கும் விற்க முடியாது.

கடைசியாக அந்தக் கடைக்காரர். விற்ற பிறகு பணம் என்பது தவறான முறை இல்லை, பல கடைகளில் அப்படித்தான் நடக்கிறது. அவர் நூற்றுக்கு முப்பது கேட்டால் நியாயம். நூறு ரூபாய் அட்டையில் அவருக்கு 30 போக உங்களுக்கு 70 வரும், அடக்கவிலை தேறிவிடும். நாற்பது ரூபாய் விலையில் கொடுத்திருந்தால் 28தான் வந்திருக்கும். பொருள் செலவு போக ஐம்பது நிமிட வேலைக்கு 15 ரூபாய். கடையிலும் கண்காட்சியிலும் ஒரே விலை இருக்க வேண்டும் என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ஐம்பது வேண்டாம், பதினைந்து கொடுங்கள். எத்தனை அட்டை, என்ன விலை, அவருக்கு எவ்வளவு என்று இரண்டு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு முறை கணக்கு முடிக்க வேண்டும், கடையில் கிழிந்ததும் காணாமல் போனதும் விற்றதாகவே சேர வேண்டும், வெயில் படும் கண்ணாடிப் பெட்டியில் வைக்கக் கூடாது. இவற்றை எழுத்தில் தர அவர் தயங்கினால், பத்து அட்டைகளை எழுபது ரூபாய் வீதம் ரொக்கத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். அதற்கும் சம்மதிக்காவிட்டால் அந்த அட்டைகள் அடுத்த கண்காட்சிவரை உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும்.